உன் அம்மாவுக்குத் தெரியாமல்

கண்ணம்மா,

அம்மா தூங்கிவிட்டாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

அன்று வீடியோவில் குழந்தையைக் காட்டினாயே, பக்கத்தில் பால் பாட்டில் இருந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். தாய்ப்பாலை நிறுத்திவிட்டாயா என்று அவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். அதற்காக இத்தனை நாள் போனை எடுக்காமல் இருப்பது என்ன நியாயம்?

குழந்தை எடை ஏறுகிறதா? அதை மட்டும் சொல், போதும்.

இதெல்லாம் அப்பா பேசுகிற விஷயமா என்று நினைப்பாய். தூக்கம் வராமல் படித்துப் பார்த்தேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலோ என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவளுக்கு? சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000-ல் போட்ட ஒப்பந்தத்தில் பேறுகால விடுப்பு குறைந்தது 14 வாரம். 6 மாதத்துக்கு அது பாதிதான் வருகிறது. மீதிக்கு அம்மாக்காரியைக் குறை சொல்கிறார்கள். உன் வேலை நீ படித்து வாங்கியது, அதை விடு என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

பால் போதவில்லை என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய பேராம். நிஜமாகவே சுரப்பு குறைந்தவர்கள் அதில் கொஞ்சம்தான். சாயங்காலம் விடாமல் குடிக்கக் கேட்பது, மார்பு முன்போல் கனக்காமல் இருப்பது, இதெல்லாம் வற்றியதற்கு அடையாளம் இல்லை. ஒரு நாளைக்கு 6 தடவையாவது துணி நன்றாக நனைகிறதா, எடை ஏறுகிறதா, அதைப் பார். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். பாட்டில் கொடுக்கிற வேளையில் உன் பாலைப் பிழிந்து எடுத்து வைத்தால் சுரப்பு குறையாது. எடுத்த பால் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும்.

அம்மா அன்று கத்தியது உன்மேல் கோபத்தில் இல்லை. உனக்கு இரண்டு வயதுக்கு மேல் கொடுத்ததைத்தான் ஊரெல்லாம் சொல்வாள். தம்பிக்கு மூன்றாம் மாதமே நின்றுபோனதைச் சொல்ல மாட்டாள். வேலைக்குத் திரும்பினாள், அங்கே ஒதுங்க இடம் இல்லை. கழிவறையில் நின்று பிழிந்து ஊற்றிவிட்டு வருவாள். வீட்டில் வந்து அழுவாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அந்தத் தம்பிதான் இன்று உன்னைவிட ஒரு சாண் உயரம், அது வேறு.

தொடர்வதும் நிறுத்துவதும் உன் இஷ்டம். வலியோடு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. குழந்தை வாய் வைக்கிற விதத்தை விவரம் தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி அழுதால் மாப்பிள்ளை எழுந்து தூக்கிக் கொடுக்கட்டும், அவர் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார்.

எடை எவ்வளவு என்பதை எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கே போன் பண்ணிச் சொல்.

அப்பா