கல்விச் சுற்றுலாவில் ஒரு நாளைப் புதுக்கோட்டைக்குத் தாருங்கள்

திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் கல்விச் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே உங்கள் ஆசிரியர் அறையில் சுற்றுலாப் பேச்சு தொடங்கியிருக்கும். பேருந்துக்கு முன்பணம் கொடுப்பது, பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைச் சேகரிப்பது, உடன்வரும் ஆசிரியர்கள் யார் யார் என்று முடிவு செய்வது என எல்லாவற்றையும் ஓரிருவரே தலையில் சுமக்க வேண்டியிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அந்தச் சுமையை நான் அறிவேன். ஆகவே இந்த மடலைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

பொறுப்பாசிரியராக நானும் பிள்ளைகளை நெடுந்தொலைவிலிருந்த கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குப் புறப்பட்டு, வெயிலில் வரிசையில் நின்று, மறுநாள் விடியற்காலையில் ஊர் திரும்பினோம். அந்த வாரம் வகுப்பில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து நின்று, "ஐயா, சித்தன்னவாசல் எங்க வீட்டு மாடியில இருந்து பார்த்தாலே தெரியும், ஆனா நான் மேலே ஏறினதே இல்லை; ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் படமாக அச்சிடப்பட்டிருக்கும் சித்தன்னவாசல் குகை ஓவியத்தைப் பலமுறை நடத்தியிருந்த எனக்கு, அந்த மலையின் நிழலில் வாழும் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லவேண்டும் என்று அதுவரை தோன்றவில்லை. அடுத்த மாதமே சென்றோம். அதன்பின் ஓய்வுபெறும்வரை ஆண்டுதோறும் சென்றோம். அந்தப் பட்டறிவிலிருந்தே கீழ்க்காணும் இடங்களைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் சித்தன்னவாசல். புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கியதும் பிள்ளைகளை நேராக ஓவியத்துக்கு அழைத்துப் போகாமல், வெயில் ஏறுவதற்கு முன்பே மலைமேல் ஏற்றி, மறுபக்கச் சரிவில் உள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாறையில் வெட்டப்பட்ட படிகளைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் சென்றால், சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள், தலையணைபோல் சற்றே உயர்ந்த தலைமாட்டோடு வழவழப்பாக இருப்பதைக் காணலாம். அவற்றுள் பெரியதாகிய படுக்கையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதும் அந்தக் கல்வெட்டு, எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பார் இந்த இருக்கையைச் செய்து கொடுத்த செய்தியைச் சொல்கிறது. பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைப் படியெடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு 'ர'வையோ 'ந'வையோ தானே கண்டுபிடிக்கும் குழந்தையின் முகத்தை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு இந்த மடலுக்கே தேவை இருக்காது.

மலையைவிட்டு இறங்கிய பிறகே மேற்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குச் செல்ல வேண்டும். குடைவரையின் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கும் தாமரைக் குளத்தில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள் ஆகியவற்றோடு, பூப்பறிக்கும் மூன்று ஆடவரும் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஐவர் ஐவராக உள்ளே அனுப்பி, எத்தனை உயிரினங்களைக் காண்கிறார்கள் என்று எண்ணிவரச் சொல்லுங்கள். விளக்கத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இது சமவசரணம் என்னும், தீர்த்தங்கரர் அறவுரை வழங்கும் சமண அவைக்குச் செல்லும் வழியில் அடியார்கள் பூக்கொய்யும் நீர்நிலை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அவர்கள் ஓவியத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தூண்களில் உள்ள ஆடல் மகளிர் உருவங்களும் அரசன் அரசி உருவங்களும் மங்கிப்போயிருப்பதால், அவற்றைக் காணக் கண்ணுக்குச் சற்று நேரம் பழக வேண்டும். சுவரைத் தொடக்கூடாது, ஒளி பாய்ச்சிப் படம் எடுக்கக்கூடாது என்ற இரண்டையும் பேருந்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கருவறைக்குள் நின்று வாய்மூடி மெல்ல 'ம்' என்று முனகினால், அந்த ஒலி அறை முழுவதும் நிறைந்து திரும்பி வரும். இயற்பியல் ஆசிரியர் உடன் வந்தால் அங்கேயே ஒரு பாடம் நடத்திவிடலாம்.

இங்கே வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. இந்த ஓவியங்கள் 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் தீட்டப்பட்டவை என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆனால் முகப்பை ஒட்டிய பாறையிலுள்ள கல்வெட்டோ, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபத்தையும் எடுப்பித்ததாகக் கூறுகிறது. அதைப் படித்தறிந்த பிறகு அறிஞர்கள் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். வரலாறு என்பது சான்று கிடைக்கும்போது திருத்தி எழுதப்படுவது என்பதை வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் பதியாது. அந்தக் கல்வெட்டின் முன் நின்று ஒருமுறை சொன்னால் போதும்.

இரண்டாவதாக நார்த்தாமலை. திருச்சியிலிருந்து வருவோருக்குப் புதுக்கோட்டைக்கு முன்பே, சாலையிலிருந்து சற்று உள்ளே அமைந்திருப்பதால், காலையில் முதலில் இதைப் பார்த்துவிட்டுச் சித்தன்னவாசலுக்குச் செல்வது எளிது. பங்குனித் திருவிழாவுக்கு முத்துமாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் பாதிப்பேர்கூட அங்குள்ள மேலமலை என்னும் குன்றில் ஏறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பரந்து சரிந்து கிடக்கும் பாறையில் நடந்து மேலே சென்றால், யாருமற்ற வெளியில் விசயாலய சோழீச்சுரம் என்னும் சிவன் கோயில் மேற்கு நோக்கி நிற்கிறது. அதன் வெளிச்சுவர் சதுரம். உள்ளே கருவறை வட்டம். பிள்ளைகள் அளவுநாடாவோடு வந்தால், கணக்கு ஆசிரியருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

பெயரைக் கேட்டதும், தஞ்சையில் சோழர் ஆட்சியை நிறுவிய விசயாலயன் கட்டியது என்றே எல்லோரும் நினைப்பார்கள். அங்குள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தம்பூதி என்னும் இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) மழையால் இடிந்து அழிந்ததாகவும், மல்லன் விடுமன் என்பவர் அதனைப் புதுப்பித்ததாகவும் அது கூறுகிறது. சாத்தம்பூதியை முத்தரையர் குலத் தலைவர் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் சோழன் பெயர் எப்படி வந்தது என்று ஒரு மாணவன் கேட்பான். கேட்கட்டும், அந்தக் கேள்விக்காகவே அவ்வளவு தூரம் ஏறுகிறோம். கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்து அமைத்த இரண்டு குகைகள் உண்டு. சிறிய குகை பழியிலி ஈச்சுரம் என்னும் சிவன் கோயில். பெரிய குகையில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் குகைக்கு மக்கள் வழங்கும் பெயரோ சமணர் குடகு. சமணர் பெயரால் அழைக்கப்படும் குகையில் திருமால் நிற்பதும் மேல்வகுப்புப் பிள்ளைகளோடு பேசத் தக்க பொருளே.

மேலமலையில் நிழலும் குடிநீரும் கிடையா என்பதை மறவாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். ஏழு மணிக்கே ஏறிவிட வேண்டும். மழை பெய்து ஓய்ந்த நாளில் பாறை வழுக்கும் என்பதால் ஏறவே கூடாது. சுனைகளின் ஓரத்தில் ஓர் ஆசிரியர் நிற்பது கட்டாயம்.

இசை கற்கும் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால் குடுமியான்மலையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டி மலையடிவாரத்தில் உள்ள மேலைக்கோயில் என்னும் குடைவரையின் அருகே, பாறை முகப்பில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கட்டங்கட்டமாக அமைந்த அந்தக் கல்வெட்டில், ஒவ்வொரு சுரமும் ச, சி, சு, செ என்று உயிரொலி மாறி மாறி வருகிறது. தன் மாணவர்களின் நன்மைக்காக, உருத்திராசாரியாரின் மாணாக்கனான ஓர் அரசன் இதைச் செய்தான் என்று அதன் இறுதியில் கூறப்பட்டிருக்கிறது. அதன் கீழே "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று தமிழிலும் ஒரு வரி இருக்கிறது. யார் அந்த அரசன் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓர் அரசன் மாணவர்களுக்காகப் பாறையில் எழுதிவைத்த பாடக்குறிப்பு என்று சொல்லிப் பாருங்கள். வீணையோ வயலினோ பழகும் பிள்ளை அந்த இடத்தைவிட்டு எளிதில் நகராது. கோயில் மண்டபத்துச் சிற்பங்களையும், மலைமேல் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் 63 நாயன்மார் உருவங்களையும் பார்க்க இன்னொரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருவோருக்குத் திருமயம் வழியிலேயே இருக்கிறது. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையை மக்கள் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். கோட்டையின் உச்சியில் பீரங்கி மேடை இருப்பதால் இளைய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இடமே மிகவும் பிடிக்கும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன். ஆயினும் கோட்டையோடு திரும்பிவிடாமல், அதே பாறையின் அடிவாரத்தில் அருகருகே அமைந்த சிவன், திருமால் குடைவரைகளையும் காட்டுங்கள். பள்ளிகொண்ட பெருமாளுக்குப் பின்னே சுவரில் தேவர்களும், ஆதிசேடன் கக்கும் தீக்கு அஞ்சி ஓடும் மது, கைடபர் என்னும் அசுரர்களும் ஒரு நாடகக் காட்சிபோல் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுவே.

மதுரையிலிருந்து வரும் பள்ளிகள் விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரில் இறங்கலாம். 10ஆம் நூற்றாண்டில் இருக்குவேள் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூவர் கோயிலில், இரண்டு விமானங்களே இன்று நிற்கின்றன; மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியைக் கூறுமிடத்தில், மூன்று பாதைகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் குறிப்பிடும் 'கொடும்பை' இந்த ஊரே என்பதால், தமிழாசிரியர்கள் இதை விரும்புவார்கள்.

நேரம் மிஞ்சினால், புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: இவை அனைத்தையும் ஒரே நாளில் காட்ட முயலாதீர்கள். முதல் ஆண்டில் நான் செய்த பிழை அதுதான். ஐந்து இடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் என்று விரட்டியதில், மாலையில் பிள்ளைகளுக்கு எல்லாக் கோயிலும் ஒன்றாகவே தோன்றின. மறு ஆண்டு நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் மட்டும் போதும் என்று முடிவு செய்து, கட்டுச்சோற்றை மரத்தடியில் உண்டு, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை அரைமணி நேரம் உட்கார்ந்து வரையவேண்டும் என்று சொன்னேன். வகுப்பில் வாயே திறவாத ஒரு பையன், அன்னத்தின் கழுத்து வளைவை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்துகொண்டிருந்தான். பேருந்து புறப்படும் நேரம் வந்தும் அவனை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் விளையாட்டுப் பூங்காவைக் கேட்பார்கள் என்பதும், பெற்றோரும் அதையே எதிர்பார்ப்பார்கள் என்பதும் உண்மை. அதை மறுக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் பயணமானால் ஒரு நாளை அதற்குக் கொடுங்கள். ஒரு நாள் பயணமானால், கட்டணம் செலுத்த இயலாமல் ஆண்டுதோறும் வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளைகளைக் கணக்கில் கொள்ளுங்கள். திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டை 60 கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. பேருந்து வாடகை, நுழைவுக்கட்டணம், கட்டுச்சோறு என்ற இம்மூன்றோடு செலவு முடிந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் வகுப்பு முழுவதும் ஒருவர் விடாமல் சென்ற சுற்றுலா அது ஒன்றுதான்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை வெயில் தணிந்திருக்கும் என்பதால், இவ்வாண்டுத் திட்டத்தை இறுதி செய்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை நீங்களும் உங்கள் பொறுப்பாசிரியரும் மட்டும் வந்து, நார்த்தாமலையில் ஏறி, சித்தன்னவாசலில் இறங்கி, பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது, எங்கே நிழல் கிடைக்கும், கழிப்பறை எங்கே என்பவற்றை நேரில் பார்த்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.