தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்க நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ஏரியாவில் கஷ்டப்படும் குடும்பங்களுக்குத் தீபாவளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோனது. முதல் வருஷம் உற்சாகத்திலேயே நடந்துவிடும். ஐந்தாவது வருஷமும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

பண்டிகை இந்தக் குடும்பங்களை ஏன் இவ்வளவு அழுத்துகிறது என்று முதலில் யோசித்துப் பார். தீபாவளி வருவது ஐப்பசி அடைமழையில். சித்தாள் வேலை, பெயின்ட் வேலை, தள்ளுவண்டி வியாபாரம் எல்லாம் படுத்துவிடும் சமயம் அது. கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களில் பலருக்கு போனஸ் இருக்கிறது, சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்களுக்கு யார் தருவார்கள்? வருமானம் நிற்கிற நேரத்தில் பிள்ளைகள் புதுத்துணி கேட்பார்கள். வட்டிக்கு வாங்கித்தான் எடுப்பார்கள். அந்தக் கடன் பொங்கலைத் தாண்டியும் இழுக்கும்.

அதனால், நீ எவ்வளவு கொடுக்கிறாய் என்பதைவிட எப்போது கொடுக்கிறாய் என்பது முக்கியம். பண்டிகைக்கு முதல் நாள் மண்டபத்தில் கூட்டி வைத்துக் கொடுத்தால், அதற்குள் அவர்கள் கடன் வாங்கியிருப்பார்கள். மூன்று நான்கு வாரம் முன்னாலேயே “இந்த வருஷம் பிள்ளைகளுக்குத் துணி எங்கள் பொறுப்பு” என்று சொல்லிவிட்டால் அந்தக் கடனே தேவைப்படாது. தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும், பார்த்துக்கொள். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. காலண்டரைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணித் திட்டமிடு.

அப்படி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். புரட்டாசியில் வசூலுக்கு இறங்கினால் அவரவர் வீட்டுச் செலவே முன்னால் வந்து நிற்கும். தீபாவளிச் சீட்டு மாதிரி மாதாமாதம் சின்னத் தொகையாக வாங்கு. நூறு ரூபாய் தருகிறவரும் பெருமையாகத் தருவார். ஆடி முடியும்போது வங்கியில் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு எத்தனை குடும்பமோ அத்தனை குடும்பம் மட்டும். “வந்துவிடும்” என்று நம்பி ஒரு பெயர்கூடச் சேர்க்காதே. போன வருஷம் வாங்கிய அம்மாவிடம் இந்த வருஷம் இல்லை என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

யாருக்கு என்பதை நீயாக முடிவு செய்யாதே. அங்கன்வாடி டீச்சர், சத்துணவு அமைப்பாளர், தெருவிலேயே பல வருஷமாக இருக்கும் பெட்டிக்கடைக்காரர் இவர்களுக்குத் தெரியும். கணவனை இழந்து கையேந்தக் கூச்சப்படுகிறவரின் பெயர் இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

துணியை நீங்களே மொத்தமாக எடுத்து அடுக்க வேண்டாம். அளவு மாறும், கலர் பிடிக்காது, மாற்ற அலைய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் பேசி, தொகை எழுதிய சீட்டைக் குடும்பத்திடம் கொடுத்துவிடு. அவர்கள் போய் எடுத்துக்கொள்ளட்டும், கணக்கை நீ கடையில் முடித்துக்கொள். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சீருடை இலவசமாகவே கிடைக்கிறது. அவர்களிடம் இல்லாதது கலர் டிரஸ். அதைத் தன் அம்மா கடைக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தாள் என்று அந்தப் பிள்ளை நினைக்க வேண்டும். உன் பெயர் அதற்குத் தெரியவே வேண்டாம்.

அப்புறம், போட்டோ. நன்கொடை கொடுத்தவர்கள் கேட்பார்கள். கடை பில்லையும் வங்கிக் கணக்கையும் காட்டு, பிள்ளைகளின் முகத்தைக் காட்டாதே. அந்தப் படம் அதே பள்ளியில் படிக்கும் இன்னொரு பையனின் போனுக்குப் போகும். இதில் மட்டும் யாருக்காகவும் வளைந்து கொடுக்காதே.

கணக்கு இரண்டு பேர் பெயரில் இருக்கட்டும், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வை. தொகை பெருகினால் டிரஸ்ட் பதிவு, நன்கொடை தருகிறவர்களுக்கு வருமான வரிச் சலுகை எல்லாம் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு அவசரமில்லை. ஆனால் கடைக்காரரிடம் பேசுவதையும் பட்டியல் எழுதுவதையும் முதல் வருஷமே இன்னொருவருக்குக் கற்றுக் கொடு. உனக்குக் கல்யாணமோ வேலை மாற்றமோ வந்தால் அந்தக் குடும்பங்கள் காத்திருந்து ஏமாறக் கூடாது.

முதலில் மாதாமாதம் தரக்கூடியவர்களின் பெயரை எழுதி எனக்கு அனுப்பு. பத்துப் பேர் இருந்தாலும் போதும், தொடங்கிவிடலாம். என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா