வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கப்போகும் நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க லெபு பினாங்கில் உள்ள நம் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இப்போது “டூர் பஸ் வேண்டாம், நாங்களே கார் ஓட்டிக்கொள்கிறோம்” என்கிறார்கள். பெர்த், மெல்பர்ன், நியூசிலாந்தின் தெற்குத் தீவு, ஹொக்காய்டோ என்று போகிறீர்கள். எங்களுக்கும் சந்தோஷம்தான். பாட்டிக்குக் கால் வலித்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ரைஸ் குக்கரைக்கூட டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். இந்த நாடுகளில் எல்லாம் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பயமும் குறைவு.

ஆனால் திரும்பி வருகிறவர்களில் சிலர் கையில் கிரெடிட் கார்டு பில்லோடு எங்களைத் தேடி வருகிறார்கள். “இன்சூரன்ஸ்தான் எடுத்தோமே, அப்புறம் எதற்கு இந்தப் பணம்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கவுண்டரில் நின்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு மாற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். இதுவரை கார் புக் செய்யும்போது ‘ஃபுல் புரொடெக்‌ஷன்’ என்ற கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தே உங்களுக்கு விலை சொல்லிவந்தோம். இனி அப்படிச் சேர்க்க மாட்டோம். கார் விலையைத் தனியாகச் சொல்வோம், காப்புறுதியைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேசுவோம். கொஞ்ச நேரம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் காரை வைத்தே விஷயத்தைப் பார்க்கலாம். உங்கள் காருக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி காப்புறுதி இருக்கிறது, அதாவது உங்கள் காரின் சேதத்துக்கும் பணம் கிடைக்கும். பாலிசியில் பெயர் இல்லாத தம்பி எடுத்துப்போய் இடித்துவிட்டால் முதல் 400 வெள்ளி (ரிங்கிட்) உங்கள் கையிலிருந்து போகும், மீதியைத்தான் நிறுவனம் தரும். அந்த 400 வெள்ளிக்குப் பெயர் எக்செஸ். முன்கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் கண்ணாடி கிளேம், வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டியிருந்தால்தான் வெள்ளக் கிளேம். இதெல்லாம் ஒவ்வொரு ஆண்டும் ரோட் டாக்ஸ் எடுக்கும்போது உங்களுக்குப் பழகிய சங்கதி.

வெளிநாட்டு வாடகைக் காரிலும் இதே கதைதான், தொகை மட்டும் பல மடங்கு. வாடகையோடு சேர்ந்தே ‘சிடிடபிள்யூ’ என்று ஒன்று வரும். கார் சேதமானால் முழு விலையையும் உங்களிடம் கேட்க மாட்டோம், இவ்வளவு வரைதான் கேட்போம் என்று வாடகை நிறுவனம் தரும் வாக்கு அது. அந்த ‘இவ்வளவு வரை’ என்பதுதான் எக்செஸ். ஆஸ்திரேலியாவில் அது 4,000, 5,000 டாலர் என்று இருப்பது சாதாரணம். தவறு யாருடையது என்பது இங்கே பெரும்பாலும் கணக்கில் வராது. நிறுத்தி வைத்திருந்த காரை வேறு யாரோ இடித்துவிட்டு ஓடினாலும் பணம் முதலில் உங்கள் கார்டிலிருந்துதான் போகும்.

இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழிகள். ஒன்று, விமான நிலையக் கவுண்டரிலேயே நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டி எக்செஸைக் குறைத்துக்கொள்வது. இன்னொன்று, கிளம்பும் முன்பே வேறொரு காப்புறுதி நிறுவனத்திடம் எக்செஸுக்கு மட்டும் தனிப் பாலிசி எடுப்பது. இரண்டாவது பெரும்பாலும் பாதி விலைகூட இருக்காது. பல பாலிசிகளில் டயர், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பகுதி ஆகியவையும் சேர்ந்திருக்கும். கவுண்டரில் தரும் அடிப்படைப் பாதுகாப்பில் அடிக்கடி விடுபடுபவை இவைதான்.

இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் போய் இறங்கினோம். இரவு முழுக்க விமானத்தில் தூக்கமில்லை, சின்னவள் பெட்டி வண்டியின் மேலேயே தூங்கிவிட்டாள். கவுண்டரில் இருந்தவர் திரையைத் திருப்பி, கூடுதல் பாதுகாப்புக்கான மூன்று கட்டங்களைக் காட்டினார். நடுவில் உள்ளதை எடுத்தால் கவலை இல்லை என்றார். ஒன்பது நாளைக்குக் கட்டினோம். மூன்றாம் நாள் டெக்கப்போவிலிருந்து ஒமராமா போகும் வழியில் புதிதாகக் கல் தூவிச் செப்பனிட்ட சாலை. எதிரே வந்த கேம்பர் வேன் ஒரு பொடிக்கல்லைத் தெறிக்கவிட்டது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. குயின்ஸ்டவுன் போய்ச் சேருவதற்குள் குளிரில் அது விரலளவு நீண்டுவிட்டது. காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் வட்டமான ஒரு பிளாஸ்டிக் அளவியை விரிசல் மேல் வைத்துப் பார்த்தார். வட்டத்தைத் தாண்டியிருந்தது, கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்றார். நாங்கள் கட்டிய அந்த நடுக் கட்டத்தில் கண்ணாடியும் டயரும் சேரவில்லை. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். ஒன்பது நாள் கட்டணமும் போனது, கண்ணாடிக் காசும் போனது. இந்தத் தொழிலில் இருக்கிற நமக்கே இப்படி என்றால், முதல் முறை போகும் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று அன்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

சரி, தனிப் பாலிசி எப்படி வேலை செய்கிறது? இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வாடகை நிறுவனத்துக்குப் பணம் கட்டாது, உங்களுக்குத்தான் தரும். சேதம் ஆனால் வாடகை நிறுவனம் முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் தாள்களைச் சேர்த்து அனுப்பி, பிறகு பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து வரும் நம் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ நசுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கார்டில் 1,100 டாலர் பிடித்தார்கள். ஐந்து வாரத்தில் அவ்வளவும் திரும்ப வந்தது. ஆனால் அந்த ஐந்து வாரமும் கார்டில் அந்தக் கடன் நின்றது.

ஆகவே கார்டில் இடம் இருக்க வேண்டும். கவுண்டரில் கூடுதல் பாதுகாப்பு வேண்டாம் என்று சொன்னால், டெபாசிட்டாகப் பெரிய தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், சில இடங்களில் எக்செஸ் முழுவதையுமே. அந்தக் கார்டு, காரை ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா பெயரில் கார், மகன் பெயரில் கார்டு என்றால் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். கார்டில் அவ்வளவு இடம் இல்லை என்றால் எங்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கவுண்டர் பாதுகாப்புதான் சரி, கொஞ்சம் விலை அதிகம் என்றாலும். மூன்று பிள்ளைகளோடு அந்நிய ஊரில் கார் கிடைக்காமல் நிற்பதைவிட அது மேல்.

கவுண்டரில் உங்கள் தனிப் பாலிசியைக் காட்டினால் “இது எங்களிடம் செல்லாது” என்பார்கள். அது பொய் இல்லை. அவர்களுக்கும் அந்தப் பாலிசிக்கும் சம்பந்தமே கிடையாது. அதைக் கேட்டுப் பதறிப்போய் இரண்டாவது முறையும் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். “எங்களுக்கு வேண்டாம், டெபாசிட் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று பொறுமையாகச் சொன்னால் போதும். நாங்கள் முன்பு விலையில் சேர்த்துவந்த ‘ஃபுல் புரொடெக்‌ஷன்’ பெரும்பாலும் இதே வகைதான். புக்கிங் தளங்கள் விற்கும் அதுவும் நீங்கள் கட்டியதைப் பிறகு திருப்பித் தருவதுதான். பெயரில் ‘ஃபுல்’ என்று இருப்பதால் கவுண்டரில் ஒரு காசும் பிடிக்க மாட்டார்கள் என்று நம்பிப் போனீர்கள். அதை நாங்கள் விளக்கமாகச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அதனால்தான் இந்த மாற்றம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்செஸ் பாலிசி நீங்கள் எடுத்த காருக்கு மட்டும்தான். அடுத்தவர் காருக்கும் அடுத்தவர் உயிருக்கும் ஆகும் சேதம் தேர்ட் பார்ட்டி கணக்கில் வரும், அது வேறு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அது வாடகையோடு சேர்ந்தே வரும். நியூசிலாந்தில் தேர்ட் பார்ட்டி காப்புறுதி சட்டப்படி கட்டாயமில்லை. அங்கே யாருக்காவது அடிபட்டால் ஏசிசி என்ற அரசுத் திட்டம் பார்த்துக்கொள்ளும், சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அடுத்தவர் காரை நீங்கள் இடித்த செலவு ஒப்பந்தத்தில் அடங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்கா போகிறவர்கள் தயவுசெய்து எங்களிடம் பேசாமல் கார் எடுக்காதீர்கள். அங்கே வாடகையோடு வரும் தேர்ட் பார்ட்டி தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் மிகச் சிறியது. ஒரு ஆஸ்பத்திரி பில்லுக்குக்கூடக் காணாது.

ஜப்பான் கணக்கு தனி. அங்கே எக்செஸைப் பூச்சியமாக்கினாலும் ‘என்ஓசி’ என்று ஒன்று நிற்கும். கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு நிறுவனம் வாங்கும் ஈடு அது. ஓட்டிக்கொண்டே திரும்பி வந்தால் 20,000 யென், ஓட்ட முடியாமல் நின்றுவிட்டால் 50,000 யென் என்பது பல நிறுவனங்களில் வெகுகாலமாக உள்ள கணக்கு. சின்ன உரசலாக இருந்தாலும் அந்த இடத்திலேயே போலீஸைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் காப்புறுதியே கிடைக்காமல் போகலாம். நம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் எடுத்த இன்டர்நேஷனல் லைசென்ஸ் இல்லாமல் அங்கே சாவியே தர மாட்டார்கள். கைப்பேசியில் உள்ள டிஜிட்டல் லைசென்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி வாங்கும் முன் வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் விற்கும் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் ‘வாடகை வாகன எக்செஸ்’ என்று ஒரு வரி ஏற்கனவே இருக்கும். அதில் எவ்வளவு வரை தருவார்கள் என்று பார்த்து, நீங்கள் போகும் இடத்து எக்செஸோடு ஒப்பிடுங்கள். போதுமானால் வேறு எதையும் வாங்க வேண்டாம், நாங்களே அப்படித்தான் சொல்வோம். போதாவிட்டால்தான் தனிப் பாலிசி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பாலிசிகள் பல, பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியவை. பணம் கட்டும்போது எதுவும் கேட்காது, கிளேம் போடும்போதுதான் மலேசிய முகவரி இடிக்கும். குடியிருப்பு பற்றிய அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற நிறுவனத்தில் எடுத்தால் இன்னொரு நன்மை உண்டு. கிளேமில் தகராறு வந்தால் 2025 ஜனவரியில் தொடங்கிய, இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிட வழி இருக்கிறது.

எந்தப் பாலிசி எடுத்தாலும், வாடகை ஒப்பந்தத்தை மீறினால் எல்லாமே விழுந்துவிடும். குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் ரோடு என்று ஒரு மலைப்பாதை, அழகான இடம். வாடகைக் கார்களின் காப்புறுதி அங்கே செல்லாது. வடக்குத் தீவின் நைன்ட்டி மைல் பீச்சும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் தார் போடாத சாலைகளைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. சில நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டுவதையும் தடுக்கின்றன, கங்காருவுக்காக. ஒப்பந்தத்தில் பெயர் எழுதாதவர் கையில் சாவி போகவே கூடாது. போன ஆண்டு ஒரு குடும்பத்தில் அப்பாவுக்குத் தூக்கம் வந்ததால் மகன் ஒரு மணி நேரம் ஓட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இடித்தது. பாலிசி இருந்தும் ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை. கூடுதல் ஓட்டுநருக்கு ஒரு நாளைக்குக் கேட்கும் சின்னத் தொகையைப் பார்த்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

எரிபொருள் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் எதிலும் கிடைக்காது. எண்ணெய் நிலையத்துப் பம்பின் கைப்பிடி நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் பல நிலையங்களில் பச்சை என்றால் டீசல். எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

காரை எடுக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். சுற்றி ஒரு நடை மட்டும் போதாது. நான்கு ரிம்களையும் கிட்டப் போய், முன் பம்பரின் அடிப்பக்கத்தைக் குனிந்து, கூரையைக் கையை உயர்த்தி, கண்ணாடியைச் சூரியனுக்கு எதிராக வைத்து எடுங்கள். மைல் கணக்கும் எண்ணெய் முள்ளும் தெரிய வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வரிசையில் இன்னொரு முறை. மார்கரெட் ரிவர் கிளேமில் அந்தப் பட்டர்வொர்த் வாடிக்கையாளரைக் காப்பாற்றியது இந்த வீடியோதான். கதவில் ஏற்கனவே கீறல் இருந்தது என்ற பேச்சே எழவில்லை.

சேதம் என்று எதைச் சொன்னாலும் அங்கேயே நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுதுபார்ப்பு பில், கார்டில் பணம் பிடித்ததற்கான ரசீது. போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதன் நகலும். பில் உடனே தர மாட்டார்கள், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, யார் அனுப்புவார் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் தாமதிக்க வேண்டாம், கிளேமுக்குக் கெடு உண்டு.

தாள்களை அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள். பாலிசி எங்கள் மூலம் எடுத்ததோ வேறு இடத்தில் எடுத்ததோ, படிவத்தை நிரப்பி ஸ்கேன் செய்து அனுப்பித் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. ஏற்கனவே எங்களிடம் ‘ஃபுல் புரொடெக்‌ஷன்’ சேர்த்துப் புக் செய்து இன்னும் பயணம் போகாதவர்கள், பயணத் தேதிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே ஒருமுறை வந்து பாருங்கள். உங்கள் பயணக் காப்புறுதி பாலிசியையும் கையோடு எடுத்து வாருங்கள். இரட்டிப்பாகக் கட்டியிருந்தால் ரத்து செய்ய முடிகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பயண முகவர்கள்
லெபு பினாங், ஜார்ஜ்டவுன், பினாங்கு