மரக்கன்றுக்கு ஏற்ற அணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரம் நடுதலைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கவிதையைப் படித்தேன். ஓசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அதில் கையாளப்பட்ட அணிகள் ஏறத்தாழ அனைத்தும் வளர்ந்து நிற்கும் மரத்துக்கு உரியவையே அன்றி, நடப்படும் கன்றுக்கு உரியவை அல்ல. குடை, விசிறி, தாய்மடி என்று உருவகங்களை அடுக்குகிறார் கவிஞர். முழங்கால் உயரக் கன்று யாருக்கும் குடை பிடிப்பதில்லை.

காற்றில் அசையும் இலைகள் மேகத்தைக் கைகாட்டி அழைப்பதாகச் சொல்லும் இடம் தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நிகழ்வதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகளின் அசைவை, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று மறித்துக் கைகாட்டுவதாக இளங்கோவடிகள் சொல்லும்போது, பின்னர் நேரவிருக்கும் கொலையின் நிழல் அந்த அசைவிலேயே விழுந்துவிடுகிறது. இக்கவிதையிலோ, இலைகள் அழைத்த மேகம் என்னவாயிற்று என்று அறியுமுன்னரே மரம் போர்வீரனாகிவிடுகிறது.

நற்றிணையின் 172ஆம் பாடல் நடுதலிலிருந்தே தொடங்குகிறது. விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துவிட்ட விதை முளைத்தெழ, நெய்யும் பாலும் பெய்து வளர்த்த புன்னையை, ‘உங்களினும் சிறந்தது, உங்கள் உடன்பிறந்தாள்’ என்று அன்னை சொல்லியிருக்கிறாள். ஆகவே அதன் நிழலில் உம்மோடு நகையாட நாணுகிறோம் என்று தலைவனிடம் தோழி கூறுகிறாள். மரத்தை உறவாக்கும் கற்பனை அங்கே வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. மாந்தரின் நடத்தையையே மாற்றுகிறது.

நடும் செயலில் அணிக்குரிய பொருளுக்குப் பஞ்சமில்லை. கன்றை ஊன்றுகுச்சியோடு இறுக்கிக் கட்டலாகாது. சற்றே ஆட இடமிருந்தால்தான் தண்டு உரம் பெறும். இதை மட்டும் சொல்லி, பிள்ளை வளர்ப்பைச் சொல்லாமல் விட்டால் பிறிதுமொழிதல் அணி அமைந்துவிடும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதையே ஒட்டணி என்கிறது. அதுவும் வேண்டாமெனில் குழியையும் வேர்மண்ணையும் முதல் நீரையும் உள்ளபடியே பாடலாம். அப்படிப் பாடும் தன்மையணியும் அணியே, 35 பொருளணிகளுள் அந்நூல் முதலில் வைப்பதும் அதைத்தான். கன்றை இறக்குமுன் நெகிழிப் பையைக் கிழிக்கும் அந்த ஓரடியில் கவிஞர் இதைச் செய்திருக்கிறார். கவிதையில் எனக்குப் பிடித்த அடியும் அதுவே.

இப்படிக்கு,
தமிழாசிரியப் பணியிலுள்ள வாசகர்