கடை இடம் மாறுவது பற்றியும் அந்தப் புகைப்படம் பற்றியும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரசைவாக்கத்தில் விளையாட்டுக் கிளப்பின் சுற்றுச்சுவரை ஒட்டி, தூங்குமூஞ்சி மரத்தடியில் 1987 முதல் நடந்துவந்த நம் கடை, வரும் மாதம் முதல் தேதியிலிருந்து வெள்ளாளர் தெருவில் ஒரு முதல் மாடியில் நடக்கும். கிளப்பை இடித்துவிட்டு ஒரு பில்டர் மூலம் கடைகளும் அலுவலகங்களும் கட்ட நிர்வாகக் குழு திட்டமிட்டிருப்பதால், சுவரோரக் கடைகள் நான்கும் காலி செய்கின்றன. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டவும், பேட்டுக்குக் கைப்பிடி மாற்றவும், ஷட்டில் வாங்கவும் நாள்தோறும் வருகிற உங்களுக்கு இதைத் தெரிவிக்க வாசலில் ஓர் அறிவிப்புப் பலகையே போதும். ஆனால் இரண்டு வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் என்னைப் பற்றிச் சுற்றிவரும் ஒரு செய்தியால், பலகையோடு நிறுத்திக்கொள்ள முடியாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று நான் ஒரு பழுப்பு உறையை வாங்குகிறேன். கீழே, பில்டரிடம் பணம் வாங்கிக்கொண்டு மைதானத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த உறைக்குள் இருந்தது என் தந்தையார் ஐந்து தவணைகளாகக் கட்டிய வாடகை முன்பணமும், 2019-இல் புதிய ஒப்பந்தம் எழுதியபோது நான் கூடுதலாகக் கட்டிய தொகையும் சேர்ந்த காசோலை. அது கிளப்பின் கணக்கிலிருந்து, செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலை. அப்பா வாங்கி வைத்த ஐந்து ரசீதுகளில் ஒன்றில் மழைத் தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது. மற்ற நான்கிலும் தொகை, தேதி, முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து படித்துப் பார்க்கலாம். உறையைக் கொண்டுவந்து கொடுத்தவர் பில்டர் அலுவலகத்து ஊழியர் என்பது உண்மை. நான்கு சுவரோரக் கடைகளுக்கும் அவர்தான் கொண்டுவந்தார். இடம் மாற்றும் செலவுக்கென்று நான்கு கடைகளுக்கும் கொடுத்த ஒரு தொகையும் அதில் இருந்தது. படம் எடுத்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே உறையைப் பிரித்துக் காட்டியிருப்பேன்.

இந்தப் பேச்சு என்னை இவ்வளவு சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. என் தந்தையார் மூர் மார்க்கெட்டில் பழைய விளையாட்டுச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தவர். 1985 மே 30 அன்று அந்தக் கட்டடம் எரிந்தபோது, இரண்டு பெட்டி ஹாக்கி மட்டைகளையும் நரம்பு கட்டும் கைக்கருவிகளையும் தவிர அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. பிறகு அங்கிருந்த வியாபாரிகள் பலர் அல்லிக்குளம் வளாகத்தில் கிடைத்த மாற்றுக் கடைகளுக்குப் போனார்கள். அப்பா கிளப்பின் சுவரோரத்துக்கு வந்தார். நூறு சதுர அடி கொடுத்த அந்த இடத்தை அவர் கோயிலாக மதித்தார். அவருடைய பிள்ளையான நான் அதை விலைபேசியதாகச் சொல்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கிளப்பின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. அடுக்குமாடி வளாகங்களிலேயே ஷட்டில் கோர்ட் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பெற்றோர் புறநகர் அகாடமிகளுக்கு அழைத்துப் போகிறார்கள். 2022-இல் சொத்து வரியும் அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணமும் உயர்ந்தன. விளக்கு போட்டு இரவில் ஆடுவதே கடனாகிப்போனது. சென்ற மழைக்காலத்தில் ஷட்டில் அரங்கின் கூரை ஒழுகி, மரத்தரையின் பின்கோட்டருகே நீல வாளி ஒன்றை வைத்துவிட்டு, ஷட்டில் அந்தப் பக்கம் போனால் 'லெட்', அதாவது அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டு ஆடினார்கள். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்பதில் நிர்வாகக் குழுவுக்கும் திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் சண்டை.

கிளப்பின் இடம் 18 கிரவுண்டு, அதாவது 43,200 சதுர அடி. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடமாக இருந்தால் நிலத்தைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பும், 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் சாலை அகலத்தைப் பொறுத்து 3.25 மடங்கு வரையும் கட்டலாம். அதனால்தான் நகரின் நடுவே கிடக்கும் இத்தகைய இடத்துக்கு இவ்வளவு போட்டி. நிர்வாகக் குழு காட்டும் வரைபடத்தில் கீழே கடைகளும், மேலே அலுவலகங்களும், மொட்டைமாடியில் ஒரு டென்னிஸ் கோர்ட்டும் இருக்கின்றன. சுற்றுவெளியோடு சேர்த்து ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு 120-க்கு 60 அடி, அதாவது மூன்று கிரவுண்டு வேண்டும். இன்றுள்ள மூன்று மண் கோர்ட்டுகளே பாதி நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. மீதி இரண்டு எங்கே போகும் என்று எதிர்ப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இன்னொன்றிலும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டும்போது பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும். ஆனால் 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் நிலத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். நம் கிளப் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். பணத்தைக் கட்டுவதற்குப் பதில் அந்தப் பத்து சதவீதத்தை மண்ணாகவே விட்டால் மரமாவது தப்பும். இதைப் பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அனுமதிகளை முழுவதுமாக வாங்கிய பிறகே சுவரில் கைவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகள் அனுமதித் தகராறால் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தானே.

கடைக்காரர்கள் காலி செய்யாமல் இருந்திருந்தால் இடிப்பதற்கு வழியே இருந்திருக்காது என்றும் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் சட்டத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2019 பிப்ரவரி 22-இல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன் பிறகு நான்கு மடங்கும் வாடகை கொடுக்க நேரிடும். என் ஒப்பந்தம் சித்திரையோடு முடிந்துவிட்டது. ராக்கெட் ஒன்றுக்கு நரம்பு கட்டிப் பிழைக்கிறவன் நான்கு மடங்கு வாடகையை எங்கிருந்து கொடுப்பான்? கிண்டி ரேஸ் கிளப்பைப் போல நம் இடத்தையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சும் தவறானது. அங்கே 160 ஏக்கர் 1945-இல் அரசு கொடுத்த குத்தகை நிலம். நம்முடையது கிளப்பின் சொந்தப் பத்திரத்தில் இருக்கிறது. ரேஸ் கிளப் நில வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையாகாது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போலக் கடைக்கு வந்து, ராக்கெட்டைக் கையில் கொடுத்து, டென்ஷன் (நரம்பின் இறுக்கம்) 24 போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாலை நேர டபுள்ஸ் ஆடும் பெரியவர்கள் நால்வர், படம் பரவிய மறுநாளே கடை வாசலில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எதுவும் கேட்கவில்லை, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதை என் மனைவியும் நானும் மறக்கமாட்டோம்.

சீனாவிலிருந்து வாத்திறகு வரத்து குறைந்து, இறகு ஷட்டிலின் கொள்முதல் விலை மிகவும் ஏறியிருக்கிறது. விளையாட்டுப் பொருள்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது அந்தக் குறைவை முழுவதுமாக உங்களுக்கே கொடுத்தோம். இம்முறை ஏற்றத்தைத் தாங்கமுடியவில்லை. புதிய இடத்தின் வாடகையும் கூடுதல் என்பதால் நரம்பு கட்டும் கட்டணம் சற்று மாறும். பத்து முறைக்கான முன்பண அட்டை வைத்திருப்போருக்கு அது எட்டு முறையாகக் கணக்கிடப்படும். நரம்பு கட்டும் இயந்திரத்தைப் பிரித்து மாடிக்கு ஏற்றி மீண்டும் சமன் பார்க்கச் சுமார் மூன்று வாரம் ஆகும். மாடி ஏற இயலாத பெரியவர்கள் கீழே நின்று போன் செய்தால் பையன் இறங்கிவந்து வாங்கிக்கொள்வான்.

பெயர்ச் சீட்டு கட்டிய 41 ராக்கெட்டுகள் பழைய கடையில் தொங்குகின்றன. இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். சீட்டு இல்லாத மரராக்கெட் ஒன்றும் இருக்கிறது. நான்கு மூலையிலும் திருகு வைத்த பழைய சட்டத்தில், வளையாமல் இறுக்கி வைத்தபடியே அப்பா காலத்திலிருந்து அலமாரியின் மேல் இருக்கிறது. சொந்தக்காரரோ அவர் பிள்ளைகளோ இதைப் படித்தால் வந்து சொல்லவும். அதுவரை அதையும் வெள்ளாளர் தெருவுக்கு எடுத்துப் போகிறேன்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்