வசந்தத்தின் முதல் ஸ்கூபா டைவுக்கு முன்: மாசசூசெட்ஸின் கேப் ஆன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்ச் பாதியைத் தாண்டிவிட்டால் கடைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "வெயில் நன்றாக அடிக்கிறது, இந்தச் சனிக்கிழமை ஃபாலி கோவ் கடலில் இறங்கலாமா?" இறங்கலாம். ஆனால் வெயிலை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். மாசசூசெட்ஸ் விரிகுடாவின் தண்ணீர் ஆண்டிலேயே அதிகம் குளிர்ந்திருப்பது பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். கரையில் 55 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் நாளில் கடல் 38 முதல் 40 வரை இருக்கும். செல்சியஸில் 3, 4 டிகிரி. நிலம் சூடாகி வெகுநாள் கழித்துத்தான் கடல் சூடாகத் தொடங்கும். கோடையிலாவது மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்ந்தால் மேலே ஏறிக்கொள்ளலாம். இப்போது மேலிருந்து அடிவரை ஒரே குளிர்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ பயிற்சி முடித்து, 28 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் மட்டுமே இறங்கியிருப்பவர்கள் நம் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர். உங்கள் சான்றிதழ் இங்கும் செல்லும். ஆனால் கருவியும் கைப்பழக்கமும் வேறு. உங்களை மனதில் வைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு புகார். "3,000 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) நிரப்பியதாகச் சொன்னீர்கள், கடற்கரையில் 2,700தான் காட்டுகிறது" என்று ஒவ்வொரு வசந்தத்திலும் சிலர் சிலிண்டரோடு திரும்பி வருகிறார்கள். காற்று கசியவில்லை, நாங்கள் குறைத்தும் நிரப்பவில்லை. நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 95 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 3,000 காட்டிய சிலிண்டர், 39 டிகிரித் தண்ணீரில் ஊறிய பிறகு ஏறக்குறைய 2,700 காட்டும். அறைச் சூடான 70 டிகிரிக்கு ஆறிய பின் 3,000 காட்டினாலும் கடலுக்குள் போனதும் 2,800ஐ ஒட்டி வந்துவிடும். அதனால்தான் இந்தப் பருவத்தில் சிலிண்டர்களை முந்தின நாளே கொண்டுவரச் சொல்கிறோம். மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, காலையில் மீண்டும் கொஞ்சம் ஏற்றித் தருவோம். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, கரையில் காட்டும் அளவை வைத்துக் கணக்குப் போடாமல், தண்ணீருக்குள் போய் 5 நிமிடம் கழித்துக் காட்டும் அளவை வைத்துத் திரும்பும் அழுத்தத்தை முடிவு செய்வது. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கடைசிப் பங்கைத் தொடக்கூடாது. குளிரில் மூச்சு வேகமாகும். கோடையில் போதுமென்றிருந்த காற்று இப்போது போதாது.

அடுத்தது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவி. இந்தப் பருவத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று, வால்வில் பொருத்தும் முதல் நிலையில் ஒரே தாவலில் 135 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்குகிறது. விரியும் காற்று குளிரும். எவ்வளவு வேகமாக விரிகிறதோ அவ்வளவு குளிரும். வெளியே தண்ணீர் 39 டிகிரி என்றால், முதல் நிலையின் உலோகம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதன் சுருள்வில்லைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அமைப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் உறைந்து, வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிலைக்கும் நடுவிலுள்ள இடை அழுத்தம் ஏறும், வாயில் வைக்கும் இரண்டாம் நிலை தானாகத் திறந்து காற்று கொட்டும். கொட்டும் காற்று இன்னும் குளிர்விக்கும், பனி இன்னும் கெட்டியாகும். இது தானாக நிற்காது.

உப்புநீர் உறைய 28.5 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், நன்னீருக்கு 32 போதும். ஆகவே போன டைவுக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, சரியாக உலர்த்தாமல் வைத்த ரெகுலேட்டர்தான் கடல்நீரைவிட முன்னதாக உறையும். உங்கள் மூச்சிலிருந்து இரண்டாம் நிலைக்குள் படியும் ஈரமும் நன்னீர்தான். எனவே கரையில் நின்றுகொண்டு, குளிர்காற்றில், ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு விட்டுச் சோதிக்காதீர்கள். சோதனையை வீட்டுக்குள் செய்யுங்கள். கரையில் வேண்டுமானால் உள்ளே மட்டும் இழுத்து, வெளிமூச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு விடுங்கள். காற்றைப் பீறிடச் செய்யும் பர்ஜ் பொத்தானை அழுத்தி "வேலை செய்கிறதா" என்று பார்ப்பது இந்த மாதத்தில் கெட்ட பழக்கம்.

தண்ணீருக்குள்ளும் விதி அதுதான்: ஒரே நேரத்தில் அதிகக் காற்றைக் கேட்காதீர்கள். மூச்சு இழுக்கும் அதே நொடியில் ட்ரை சூட்டுக்குள் (தண்ணீர் புகாத உடை) காற்று ஏற்றும் பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து முதல் நிலையை உறைய வைக்கும். மூச்சை விடும்போது, அரை நொடி அரை நொடியாகத் தட்டித் தட்டி ஏற்றுங்கள். இரண்டாம் நிலையில் 'டைவ்', 'ப்ரீ-டைவ்' என்று நெம்புகோல் இருந்தால், தலை தண்ணீருக்குள் போகும்வரை 'ப்ரீ-டைவ்' பக்கம் இருக்கட்டும்.

எங்களிடம் வாடகைக்கு இருப்பவை எல்லாம் முதல் நிலைக்குள் தண்ணீர் புகாமல் மூடி அடைக்கப்பட்டவை, 50 டிகிரிக்குக் கீழான தண்ணீருக்கெனத் தகுதி பெற்றவை. உங்கள் சொந்த ரெகுலேட்டர் வெப்பமண்டலப் பயணத்துக்கு வாங்கிய எளிய பிஸ்டன் வகையாக இருந்தால் மே கடைசி வரை அதை எடுக்காதீர்கள். சர்வீஸுக்குத் தருபவர்கள் "குளிர்நீர் டைவ்" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இடை அழுத்தத்தை உற்பத்தியாளர் அனுமதித்த வரம்பின் கீழ்ப்பக்கத்தில் வைத்துத் தருவோம். மூச்சு சற்றே கனமாகத் தோன்றும், ஆனால் கொட்டும் வாய்ப்பு குறையும்.

அப்படியும் கொட்டினால்? உதட்டை இறுக்கி மூடாதீர்கள். வாய்க்கடியைப் பாதி வெளியே விட்டு, வழியும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளுங்கள். உடன் இறங்கிய துணைவருக்குச் சைகை காட்டி அவருடைய மாற்று ரெகுலேட்டருக்கோ, உங்கள் போனி சிலிண்டருக்கோ (சிறிய தனிச் சிலிண்டர்) மாறுங்கள். மாறிய பிறகு துணைவர் உங்கள் சிலிண்டர் வால்வை மூடலாம். சில நிமிடத்தில் பனி இளகி, திறந்தால் சரியாக வேலை செய்வதுபோல் இருக்கும். நம்பாதீர்கள், அது மறுபடி உறையும். வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள், அன்றைய டைவ் முடிந்தது. ஒரே முதல் நிலையில் இரண்டு வாய்க்கடிகள் தொங்குவது இங்கே மாற்று ஏற்பாடு ஆகாது, உறைவது முதல் நிலை என்பதால் இரண்டும் சேர்ந்தே கொட்டும். தனி முதல் நிலையோடு ஒரு போனி சிலிண்டர் வாடகைக்கு எடுங்கள். எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

இனி அலை. வானிலைச் செயலியில் காற்று குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பார்கள்: கரையில் காற்றே இருக்காது, எங்கோ தூரத்துப் புயல் எழுப்பிய அலை வந்து அறையும். வட அட்லாண்டிக்கில் வசந்த காலத்து வடகிழக்குப் புயல்கள் அதைத்தான் செய்கின்றன. ஜெஃப்ரிஸ் லெட்ஜில் இருக்கும் 44098 எண் அலை அளக்கும் மிதவையையும், பாஸ்டனுக்குக் கிழக்கே உள்ள 44013ஐயும் கிளம்பும் முன் பாருங்கள். அலையின் உயரத்தோடு அலைகளுக்கு இடையிலான நொடிகளையும் சேர்த்துப் பாருங்கள். 4 நொடி இடைவெளி அலையின் நீளம் ஏறக்குறைய 80 அடி. அதன் ஆட்டம் 40 அடி ஆழத்தில் அடங்கிவிடும். 10 நொடி அலைக்கு நீளம் 500 அடிக்கு மேல், ஆட்டம் 250 அடி வரை இறங்கும். ஆக, 2 அடி உயரம், 4 நொடி என்றால் கரையோரத்தில் கொஞ்சம் சலசலப்பு. அதே 2 அடி, 10 நொடி என்றால் 25 அடி ஆழத்தில் உங்களைப் பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஊஞ்சலாட்டும், மணலைக் கிளப்பிப் பார்வையையும் கெடுக்கும். 10 நொடியில் 3 அடி என்றால் எங்கள் பதில் "வேண்டாம்".

ஃபாலி கோவ் வடக்குப் பார்த்தது. தென்மேற்குக் காற்றில் கண்ணாடிபோல் கிடக்கும். அந்தக் கண்ணாடியிலும் ஓர் ஆபத்து உண்டு: அதே காற்று, மேலே மிதப்பவரை வெளிக்கடலுக்குத் தள்ளும். திரும்பும்போது மேலே நீந்தாமல், பக்கச் சுவரை ஒட்டி அடியிலேயே வாருங்கள். ராக்போர்ட்டின் பேக் பீச் ஏறி இறங்க எளிது, புதிதாக வருபவர்களுக்கு அதையே சொல்வோம். கதீட்ரல் ராக்ஸ் அழகான இடம், ஆனால் பாறைமேல் நின்று இறங்கி, பாறைமேலேயே ஏற வேண்டும். ஏப்ரல் வரை அது வேண்டாம். வடகிழக்குக் காற்றடித்தால் இந்த மூன்றும் கெடும். புயல் ஓய்ந்த பிறகும் 2, 3 நாள் விடுங்கள்.

கரையை அடைந்ததும் உடை மாற்றும் முன் 15 நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும்; அமைதியான இடைவெளியில் போய் நின்றவருக்குக் கடல் சாந்தமாகத் தெரியும். வந்ததிலேயே பெரிய அலையைக் கணக்கில் எடுங்கள். "இதில் இறங்க முடியுமா" என்று கேட்பதைவிட, "40 நிமிடம் கழித்து, விரல் மரத்துப்போன பிறகு, 70 பவுண்டுக்கு மேல் சுமையோடு இதில் ஏற முடியுமா" என்று கேளுங்கள். ஏறும்போது மாஸ்க்கும் ரெகுலேட்டரும் முகத்திலேயே இருக்கட்டும். கை தரையைத் தொட்டபின்தான் ஃபின்னைக் கழற்ற வேண்டும். எழுந்து நிற்க முடியாவிட்டால் தவழ்ந்து வாருங்கள், அதில் வெட்கமில்லை.

ஓதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 9 அடி வித்தியாசம். வற்றத்தில் பாசி படர்ந்த உருண்டைக் கற்கள் வெளியே வந்துவிடும், சோப்புத் தடவியதுபோல் வழுக்கும். உச்ச ஏற்றத்துக்கு அரை மணிக்கு முன் இறங்கி, தண்ணீர் வடியத் தொடங்கும்போதே ஏறிவிடுவது நல்லது. தெளிவான தண்ணீரும் அப்போதுதான் கிடைக்கும்.

தெளிவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். குளிர்காலத்துத் தெளிவு மார்ச்சோடு போய்விடும். நாள் நீள நீள நுண்பாசி பெருகும். சில ஆண்டுகளில் ஏப்ரல் வாக்கில் பழுப்பாக, கொழகொழவென்று மாஸ்க்கில் ஒட்டும். அது உடம்புக்குக் கெடுதி இல்லை, பார்வைக்குத்தான் கெடுதி. இதோடு வடக்கே நியூபரிபோர்ட்டில் கடலில் கலக்கும் மெர்ரிமாக் ஆறு பனி உருகிய வெள்ளத்தைக் கொண்டுவரும். வடகிழக்குக் காற்று அந்தக் கலங்கலைக் கரையோடு ஒட்டித் தெற்கே தள்ளி கேப் ஆன் வரை கொண்டுவரும். நன்னீர் இலேசு என்பதால் மேலேயே மிதக்கும். மேலே தேநீர் நிறத்தில் இருந்தாலும் 10, 15 அடிக்குக் கீழே தெளிந்திருக்கலாம். ஆனால் வெளிச்சம் குறையும், விளக்கு கட்டாயம். துணைவரின் கால் தெரியாத தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக. ட்ரை சூட்டுக்குள் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த உள்சூட். 7 மில்லிமீட்டர் வெட் சூட்டில் (நீர் புகும் ரப்பர் உடை) வருவேன் என்பவர்களுக்கு: 33 அடியில் அதன் காற்றறைகள் பாதியாகச் சுருங்கும், அதோடு சூடும் பாதியாகும். 20 நிமிடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். தெர்மாஸில் வெதுவெதுப்பான நீர் கொண்டுவந்து இறங்கும் முன் கையுறைக்குள் ஊற்றிக்கொண்டால் விரல்கள் கூடுதல் நேரம் பேச்சைக் கேட்கும். ட்ரை சூட்டின் ரப்பர் கழுத்துப் பட்டைக்குச் சிலிகான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பட்டை கிழிந்தால் புதியதை ஒட்ட முடியாமல் போகும். டால்க் பொடி போதும்.

எடைக்கட்டி வெப்பமண்டலத்தில் 8 பவுண்டு போட்டவருக்கு இங்கே 28 தேவைப்படலாம். நிறைந்த சிலிண்டரோடு சரிபார்த்தால் ஏமாறுவீர்கள். 500 பிஎஸ்ஐ மிஞ்சும்போது 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் 5 பவுண்டு எடை குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 15 அடியில் நிலையாக நிற்க முடிய வேண்டும்.

இன்னொன்று, பலருக்குப் புதிதாக இருக்கும். ஹூட் (தலையுறை) ஒரு காதில் இறுக்கமாகவும் மறு காதில் தளர்வாகவும் இருந்தால், குளிர்நீர் ஒரு காதுக்குள் மட்டும் பாய்ந்து தலை கிறுகிறுவென்று சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. இறங்கும் முன் இடுப்பளவு நீரில் நின்று, ஹூட்டை இரு பக்கமும் விரலால் சற்று விலக்கி இரண்டு காதுக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுங்கள். பிறகு முகத்தை ஒரு நிமிடம் தண்ணீரில் வைத்திருங்கள். நெற்றி வலியும் மூச்சுத் திணறலும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கும். சுற்றல் வந்தால் பாறையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள், உள்ளே போன நீர் சூடானதும் நின்றுவிடும்.

இரண்டாவது டைவ் செய்ய நினைப்பவர்கள் ஈர ரெகுலேட்டரைக் காற்றில் தொங்கவிடாமல் காருக்குள் வையுங்கள். உடம்பு நடுங்கத் தொடங்கியிருந்தால் இரண்டாவது டைவ் கிடையாது. டைவின் முடிவில் குளிர்ந்த உடம்பு நைட்ரஜனை மெதுவாகத்தான் வெளியேற்றும், டைவ் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பழைய பேட்டரியும் குளிரில் சட்டென்று விழும். மாற்றி ஓராண்டு ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் ஆள் இருப்பதைக் காட்டும் டைவ் கொடி மாசசூசெட்ஸ் சட்டப்படி கட்டாயம், கொடியிலிருந்து 100 அடிக்குள்ளேயே மேலே வாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இறங்க வேண்டும் என்றால், லம்ப்ஃபிஷ் மீன்களுக்காக. வசந்தத்தில் அவை முட்டையிடக் கரையோரப் பாறைகளுக்கு வரும். வயிற்றடியில் இருக்கும் உறிஞ்சு வட்டால் பாறையைப் பிடித்துக்கொண்டு ஆண்மீன் முட்டைகளைக் காவல் காக்கும். கை அருகே வந்தாலும் நகராது. ஆகவே தொடாதீர்கள், விளக்கை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். அது விலகினால் முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். கெல்ப் (பெரிய கடற்பாசி) இலைகளையும் திரும்பிப் பாருங்கள், பல நிற ஓடில்லா நத்தைகள் இந்தப் பருவத்தில்தான் நிறைய.

ரெகுலேட்டர் சர்வீஸுக்குத் தருபவர்கள் மார்ச் முடிவதற்குள் தந்துவிடுங்கள், ஏப்ரலில் வரிசை நீளும். சனிக்கிழமை காலை கிளம்பும் முன் கடைக்கு ஒரு முறை அழையுங்கள். மிதவை அன்று என்ன காட்டுகிறது என்று பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் டைவிங் கடையினர்