மூன்றாம் வகுப்பில் லத்தீன்

பிளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள லீலா,

கருப்பட்டி மிட்டாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதியை இவரே தின்று தீர்த்தார். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஸ்டெல்லாக்கா மகள் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது, என் பேரில் நீயே மொய் எழுதிவிடு. பணம் அனுப்பிவிடுவேன். ஹாஸ்டல் மெஸ் கணக்கு மாதிரி ஆகாது, பயப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. சபையில் பழகிய ஒரு குடும்பம் சொன்னதைக் கேட்டு, மகள் ஷைனியை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து ஒரு 'கிளாசிக்கல் கிறிஸ்டியன்' பள்ளியில், அதாவது பழைய ஐரோப்பியப் பாடமுறையைக் கிறிஸ்தவத்தோடு சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளியில், சேர்த்தே ஆகவேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மூன்றாம் வகுப்பிலேயே லத்தீன். தனியார் பள்ளிச் செலவுக்கு உதவ டெக்சாஸ் அரசு 2025-இல் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. தேர்வானால் பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கிடைக்கும். இவரிடம் ஆவிக்குரிய காரணங்கள் பத்து இருக்கின்றன, பதினொன்றாவது இதுதான்.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று லத்தீன் வேற்றுமை உருபுகளையும் ரோமப் பேரரசர்கள் பெயர்களையும் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. பைபிளின் 119-ஆம் சங்கீதத்தை 176 வசனமும் மூச்சுவிடாமல் சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாங்கியவள் அல்லவா நீ! உருப்போடுவது படிப்பே இல்லை என்று எங்களை எத்தனை வருஷம் இங்கே ஏளனம் செய்தார்கள் தெரியுமா? இப்போது ஃபீஸ் வாங்கிக்கொண்டு அதையே சொல்லித் தருகிறார்கள். நீ இங்கே வந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிடலாமட்டி.

இதற்கெல்லாம் மூலம், துப்பறியும் கதை எழுதிய டோரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஓர் உரை. இலக்கணம், தருக்கம், சொற்கலை என்ற இடைக்காலப் பாடமுறையைப் பிள்ளைகளின் வயதோடு பொருத்திப் பார்த்தார். முதலில் கிளிப்பிள்ளைப் பருவம், அடுத்தது வாயாடிப் பருவம், கடைசியில் கவிதைப் பருவம். தனக்குக் கற்பித்த அனுபவம் ரொம்பக் குறைவு என்றும், இது நடைமுறைக்கு வரப்போவதில்லை என்றும் அவரே சொல்லிவிட்டுத்தான் பேசினார். அதை நிஜமாகவே பள்ளியாக்கியது டக்ளஸ் வில்சன் என்ற போதகரும் அவருடைய நண்பர்களும். ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ என்ற சிற்றூரில் 1981-இல் தொடங்கினார்கள். அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அமெரிக்கக் கலாச்சாரம் பற்றி இந்தப் பள்ளிக்காரர்கள் வைக்கும் குற்றச்சாட்டில் பாதி சரிதான். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் வரிசையாகச் சோபாவில் உட்கார்ந்து, கேக் வெட்டும்போதுகூட ஃபோனை விட்டு நிமிரவில்லை. உனக்குப் பிடித்ததைச் செய், உன் மனசு சொல்வதே உண்மை என்று ஐந்து வயதிலிருந்தே ஓதுகிறார்கள். பெரியவர்கள் கேட்டது உடனே கைக்கு வரவேண்டும், பிள்ளைகளுக்கும் அதே பழக்கம். ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க ஷைனிக்குப் பொறுமை இல்லை. இதையெல்லாம் இவர் சொல்லும்போது நான் தலையாட்டத்தான் செய்கிறேன். ஆனால் ஃபோன் தடை இப்போது டெக்சாஸ் அரசுப் பள்ளிகளிலும் வந்தாயிற்று, அதற்கு லத்தீன் தேவைப்படவில்லை என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

என்னை உறுத்துவது வேறு. அந்த வில்சன், அமெரிக்கத் தெற்கில் இருந்த அடிமை முறை அவ்வளவு கொடுமையாக இல்லை என்று வாதாடி 1996-இல் இன்னொரு போதகரோடு சேர்ந்து ஒரு சிறுநூல் எழுதியவர். ஐடஹோ பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களே அதைக் கிழித்துப் போட்டார்கள். எல்லாக் கிளாசிக்கல் பள்ளியும் அப்படி இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் பார்த்த பள்ளியில் பேசியவர் 'நம் மேற்கத்திய மரபு', 'நம் முன்னோர்', 'எதிரியின் பிடியில் நாடு' என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த 'நம்'மில் ஷைனி எங்கே உட்காருவாள், லீலா? அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அகஸ்டினே வட ஆப்பிரிக்காக்காரர், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர்.

இந்தச் சண்டைக்காகப் படிக்கப் போய் அன்னா ஜூலியா கூப்பரைக் கண்டுபிடித்தேன். 1858-இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் கிரேக்கம் போதகராகப் போகும் ஆண்களுக்கு மட்டும்தான். அந்தச் சின்ன வயதிலேயே சண்டை போட்டு அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார். பிறகு வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான எம் ஸ்ட்ரீட் பள்ளியில் தலைமையாசிரியர். இவர்களுக்குக் கைத்தொழில் போதாதா என்று மேலே இருந்தவர்கள் அழுத்தியபோது மறுத்து, லத்தீனும் கணிதமும் சொல்லிக்கொடுத்து ஹார்வர்டுக்கு மாணவர்களை அனுப்பினார். 1906-இல் பதவி போனது. நான்கு வருஷம் கழித்து அதே பள்ளிக்கு லத்தீன் ஆசிரியராகத் திரும்பி வந்தார்! அறுபது தாண்டியபின் 1925-இல் பாரிஸ் சோர்போனில் முனைவர் பட்டம். 105 வயது வரை இருந்தார். இவருக்கு இதை வாசித்துக் காட்டிக் காட்டி, இப்போது 'கூப்பர்' என்றாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

அன்று பள்ளியிலும் கேட்டேன், இந்த அம்மாவைப் பற்றிப் பாடத்தில் எங்காவது வருகிறதா என்று. பேசியவர் சிரித்தபடி 'நல்ல யோசனை, பார்க்கிறோம்' என்றார். நம் கரஸ்பாண்டன்ட் சிரிப்பு இருக்குமே, அச்சு அசல் அதே!

லத்தீன் எனக்குப் பிடித்திருக்கிறது, மனப்பாடமும் பிடித்திருக்கிறது, பிள்ளைகள் மேடையேறிப் பேசிய தெளிவைப் பார்த்துப் பொறாமைகூட வந்தது. ஆனால் ஷைனியை ஒரு படைக்கு ஆள் சேர்ப்பதுபோல் அவர்கள் பேசுவதுதான் சம்மதமில்லை.

நீ டீச்சர், அதனால் கேட்கிறேன். சின்ன வயதில் நன்றாக உருப்போட்ட பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு வரும்போது உன்னை எதிர்த்துக் கேள்வி கேட்கிறார்களா, இல்லை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்களா? மழுப்பாமல் எழுது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். அதற்குள் இவர் உன்னைக் கூப்பிட்டு ஆதரவு கேட்பார். கடிதம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் ஜெயா